தனித் தட்டு

"என்னலே, துபாய்க்குப் போயிட்டு வந்தா எங்க சஹன்ல கை வைக்கக் கூடாதோ?"

நூகு போட்ட சத்தத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது. கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமா அவர். திருச்செந்தூர்ப் பக்கம் அவர்கள் ஊரில், சஹன் என்கிற பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடுவதுதான் முறை. துபாயிலிருந்து வந்திருந்த ரசீத் மட்டும் சுவரோரமாக நின்று தனித் தட்டு கேட்டால் மனுஷனுக்குக் கோபம் வராதா?

"சங்கடப்படாதீங்க மாமா. நான் இங்கன பைய சாப்பிட்டுக்கிடுதேன்."

"அப்போ நாங்கள்லாம் கேவலமா? சபையில என்னை அவமானப்படுத்துதியா?"

ரசீதின் மச்சான் அனஸ் ஓடிவந்து நூகுவைத் தனியே இழுத்துப் போனான்.

"சும்மா இருங்க மாமா. மச்சானுக்கு இப்பதான் திருநெல்வேலியில ஆபரேஷன் ஆச்சு. சிறுகுடலுக்குள்ள கட்டி. அதனால, பெரியவங்களுக்கு அபூர்வமா நடக்குத மாதிரி, குடலுக்குள்ள குடல் சொருகிப்போய் வலியில துடிச்சிட்டாவ. கட்டியோட ஒரு சாண் குடலை வெட்டி எடுத்துட்டுத் தச்சிருக்கு."

"யா அல்லாஹ்! புத்துநோயா?"

"இல்ல, சாதாக் கட்டிதான்னு டெஸ்ட்ல வந்துட்டு."

நூகு குரலைத் தாழ்த்தினார். "தொத்துமாலே?"

"கட்டி எங்கயாவது தொத்துமா மாமா?"

"அது எனக்குத் தெரியாதாக்கும்!"

அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகினாலும் அதையும் ஊர் கேட்கத்தான் இளகுவார். ரசீதின் தோளை அணைத்து இழுத்து வந்தார்.

"குடலையே வெட்டி எடுத்த மனுஷன்! இவனை ஒதுக்கினா அல்லாஹ் பொறுப்பானா? என் சஹன்லயே உக்காரு வாப்பா!"

பந்தலில் பலருக்குக் கண் கலங்கியது. ரசீத் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான்.

சட்டென்று நூகுவுக்கு ஒரு வேலை ஞாபகம் வந்தது. "மாப்பிள்ளை வீட்டாளுவ கூப்பிடுதாவ" என்று எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குப் போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது. அடுத்த ஆள் காரணம் தேடக்கூட மெனக்கெடவில்லை.

குழாயடியில் நின்று, சாப்பிடாத கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார் நூகு. பின்னால் வந்து நின்றான் ரசீத்.

"போய்ச் சாப்பிடுங்க மாமா. சஹன்ல நான் இன்னும் கை வைக்கலை. சோறு பாழாயிரக் கூடாதுன்னுதான் முதல்லயே தனித் தட்டு கேட்டேன்."