கடைசி வீட்டுப் புள்ளி

கூடத்து விளக்குகளை அணைத்ததும், வந்திருப்பவர்களின் குடியிருப்பு வரைபடம் சுவரில் ஒளிர்கிறது. காசநோய் கண்ட வீடுகளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. "எங்க அதிகம்னு தெரிஞ்சாத்தானே அங்க முதல்ல கவனிக்க முடியும்?" என்கிறார் நர்ஸம்மா. பின்வரிசையில் இருக்கும் தையல்காரி வரைபடத்தில் தன் சந்தைத் தேடுகிறாள். அவளுடைய சந்தின் கோடியில், துணையில்லாமல், ஒரு புள்ளி எரிகிறது. அங்கே இருப்பது அவள் வீடு ஒன்றுதான். போன மாதம் அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, "பேரு எங்கயும் வராதுக்கா, என்னை நம்புங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டவரும் இதே நர்ஸம்மாதான். பேர் வரவில்லைதான். முன்னால் ஒரு தலை திரும்புகிறது, பிறகு இன்னொன்று. கழற்ற மறந்து கழுத்திலேயே கிடக்கும் இஞ்ச் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்குகிறாள். தொண்டையில் ஊறும் இருமலை விழுங்குகிறாள். தெரிந்த முகமாயிற்றே என்று நர்ஸம்மா அங்கிருந்தே அவளைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். சிமெண்டுத் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம். பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: "எம்பொண்ணு துணிய இன்னும் வெட்டலையே?"

"இல்லக்கா, நாளைக்குத்தான்."

"வெட்டாத. அப்படியே குடுத்துடு."