சாட்சிக்கு வெளியாள் எதுக்கு?

"கூடை சுமந்து மீன் வித்து நான் வாங்குன வீடு. யாருக்குன்னு நான்தான் எழுதுவேன்" என்றாள் பச்சையம்மாள்.

"எழுதும்மா, யாரு வேணாம்னது?" என்றான் மூத்தவன் நாகராஜ். சீர் செய்து கட்டிக்கொடுத்த தங்கை அன்புசெல்விக்குப் பங்கு கிடையாது என்று அண்ணனும் தம்பியும் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள்.

வக்கீலம்மா உயிலை மேசையில் வைத்தார். "அம்மா தெளிவான புத்தியோட கையெழுத்துப் போடுறாங்கன்னு ரெண்டு பேர் சாட்சி போடணும்."

"வெளியாள் எதுக்கு மேடம்? நாங்க இருக்கோமே!" இளையவன் விமல்ராஜ் பேனாவைப் பிடுங்காத குறை. "இன்னைக்கும் எங்கம்மாவை ஒருத்தன் விலையில ஏமாத்த முடியாது!"

பச்சையம்மாள் கையெழுத்துப் போட்டாள். உயிலைப் படிக்காமலேயே மகன்களும் போட்டார்கள்.

"எனக்கு மாடியா, கீழயா?" என்றான் நாகராஜ்.

"ரெண்டும் அன்புசெல்விக்கு. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில என்கூடத் தரையில படுத்துக் கெடந்தவ அவதான்."

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு! நான் கோர்ட்டுக்குப் போறேன்!" என்று கத்தினான் நாகராஜ்.

"தாராளமாப் போடா. நான் தெளிவாத்தான் இருந்தேன்னு சொல்ல அங்க சாட்சியைக் கூப்பிடுவாங்க. அதுக்கும் நீங்க ரெண்டு பேருந்தான் வரணும்."