பத்து கிராம் பொட்டலம்

"ஆளுக பாக்குறதுக்குள்ள மேல போயி, சாமானைப் போட்டுட்டுத் திரும்பிரணும் அண்ணாச்சி. அந்த மாதிரி ஒரு ஹெலிகாப்டர் குடுங்க."

கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த சுந்தரராஜின் கை அப்படியே நின்றது. தூத்துக்குடியில் பதினாறு வருஷமாக ரிமோட் பொம்மைக் கடை வைத்திருக்கிறார். ஹெலிகாப்டர் கேட்டு வருகிறவர்கள் பிள்ளைக்கு என்ன வயது என்றுதான் முதலில் சொல்வார்கள். சாமானைப் போட வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். பேர் ஆக்னஸ், ஆலந்தலையிலிருந்து பஸ்ஸில் வருகிறேன் என்றாள். பையை மடியில் இறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக்கா? பேரனுக்கா?"

"எனக்குத்தான். ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல எங்கிட்ட இல்ல."

சுந்தரராஜுக்குச் சந்தேகம் தட்டியது. போன மாதம்தான் போலீஸ் வந்து, ட்ரோன் வாங்குகிறவர்களின் பேர், நம்பர் எல்லாம் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போனது. ஆள் தெரியாமல் ஒரு ட்ரோனை விற்ற அடுத்த தெருக் கடைக்காரர் மூன்று மாதமாகக் கோர்ட்டுக்கு அலைகிறார், கடைக்குப் பூட்டு. அந்தக் கதி தனக்கும் வந்தால், படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்?

ஆழம் பார்க்க ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இந்த ட்ரோனைப் பாருங்க. விலையும் கம்மி. கைய எடுத்தாலும் அந்தரத்துல அப்படியே நிக்கும். புதுசா ஓட்டுறவங்களுக்கு இதுதான் லேசு."

"ட்ரோன் வேண்டாம். ஹெலிகாப்டர்தான் வேணும்."

"ரெண்டும் பறக்கத்தானக்கா செய்யுது."

"பறந்தாப் பத்தாது. பில்லுலயும் ஹெலிகாப்டர்னே எழுதிருங்க. நாளைக்கு யாரும் இது ஹெலிகாப்டர் இல்லன்னு சொல்லிரப்பிடாது."

விவரமான ஆள்தான். போலீஸ் ட்ரோனுக்குத்தான் பேர் எழுதச் சொன்னது, ஹெலிகாப்டருக்கு இல்லை. அந்த ஓட்டை வரைக்கும் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு வேர்த்தது.

இரண்டு ஹெலிகாப்டர்களை எடுத்து வைத்தார். "இது ஒத்த விசிறி, நாலாயிரத்துக்கு மேல. பழகாத கைக்கு மொத நாளே சுவத்துல முட்டி உடையும். இதுல மேலயும் கீழயுமா ரெண்டு விசிறி, ஆடாம ஏறும். ரெண்டாயிரத்து இருநூறு. ஆனா கடக்காத்துக்குத் தாங்காது."

"விடியக்காலம் நாலரைக்கு எங்க கரையில காத்து விழுந்துரும். அப்பத்தான் விடணும். அந்நேரம் ஆளும் இருக்காது."

நேரம்கூடக் குறித்தாகிவிட்டது. அடுத்து ஆக்னஸ் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றியிருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது.

"இந்த எடையத் தூக்குமா? பத்து கிராம். மளிகைக் கடையில நிறுத்துட்டேன்."

"உள்ள என்னதுக்கா?"

அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அது எதுக்கு ஒங்களுக்கு? தூக்குமா, தூக்காதா?"

"சிரமந்தான். கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு அனுப்பலாம். இல்ல, வேற வழி பாருங்களேன்."

"முடியாது அண்ணாச்சி. அந்தம்மாகிட்ட வாக்குக் குடுத்தாச்சு. சொன்னபடி செய்யலன்னா எனக்கு உறக்கம் வராது."

ஓகோ, கூட்டத்துக்குத் தலைவியே ஒரு பொம்பளையா! சுந்தரராஜ் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பில்லை எழுதிக் கொடுத்து, "பேட்டரி சார்ஜ் ஏறட்டும், பறக்க விட்டுக் காட்டுதேன், உக்காருங்க" என்றார். உள்ளே போய் ஏட்டு செந்தூர்வேலுக்குப் போன் போட்டார்.

பத்து நிமிடத்தில் ஏட்டின் பைக் வாசலில் நின்றது. ஏட்டு உள்ளே வந்ததும் ஆக்னஸ் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இருங்க. அந்தப் பொட்டலத்தக் குடுங்க."

"ஐயா, அது ஒண்ணுமில்ல..."

"குடுங்கன்னேன்."

ஏட்டு முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினார். ரோஜா இதழ்கள். கிளறிப் பார்த்தார், மோந்து பார்த்தார். தண்ணீர் தெளித்த ரோஜா இதழ்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆக்னஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கார்த்திகைப் புயல்ல எம்மவன் ரெக்சன் போன போட்டு திரும்பல. மூணு நாளு. தேடப் போன ஹெலிகாப்டர், ஆளக் காணலன்னு எங்க தலைக்கு மேலதான் திரும்பிப் போச்சு. அதைப் பாத்துக்கிட்டே மாதா செலை இருக்க கெபி முன்னால விழுந்து நேந்துக்கிட்டேன். 'தாயே, எம்புள்ள உசுரோட கரையேறுனா ஒனக்கு ஹெலிகாப்டர்ல பூத் தூவுதேன்'னு. நாலாம் நாளு வந்துட்டான்."

சுந்தரராஜ் தலையைக் குனிந்துகொண்டார். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாக்கா?"

"ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாவ அண்ணாச்சி. நெச ஹெலிகாப்டருக்கு வாடகை கேட்டேன், லச்சக்கணக்குல சொன்னாவ."

ஏட்டுக்கு மனம் ஒப்பவில்லை. "அதுக்காக? புள்ளையத் திருப்பிக் குடுத்த மாதாவப் பொம்மையக் காட்டி ஏமாத்தலாமா?"

ஆக்னஸ் இதழ்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கட்டினாள். 'ஹெலிகாப்டர் - 1' என்று எழுதியிருந்த பில்லை இரண்டாக மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"ஹெலிகாப்டர்னுதான் நேந்தேன் ஏட்டய்யா, அளவு சொல்லலியே."