லீவு கேட்ட போர்மேன்

பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து நடந்து மூன்று மாதமாகியும் போர்மேன் சோலைச்சாமியால் சரியாகத் தூங்க முடியவில்லை. முதலாளியம்மா பத்திரகாளியிடம் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“வியாளக்கெழமை லீவு வேணும்மா. விருதுநகர்ல மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட போகணும். வெடிமருந்தைத் தொட்டாலே கை நடுங்குது.”

“வியாளக்கெழமை போகாதீக அண்ணாச்சி.”

“பைத்தியம்னு நெனச்சு வேலையை விட்டு நிறுத்திறாதீகம்மா.”

“யாரு நிறுத்துனா? வெடிமருந்து ரூமுக்கு இன்னைக்கே வேற ஆள் போடுறேன். குணமாகுற வரைக்கும் நீங்க பேக்கிங்கைப் பாருங்க.”

“அப்ப லீவு?”

“செவ்வாக்கெழமை எடுத்துக்கோங்க. அந்த டாக்டர் அன்னைக்கு மட்டுந்தான் பாப்பாரு” என்றார் பத்திரகாளி. “ஒரு வருசம் அவர்ட்ட வைத்தியம் பாத்துத்தான் நானே இப்ப நிம்மதியாத் தூங்குறேன்.”