வெளியேறாத மாப்பிள்ளை

“இன்னும் மோசமா ஆடுங்க மச்சான்!” கம்சாயினி போனில் கெஞ்சினாள்.

“இதுக்கு மேல எப்பிடி புள்ள மோசமா ஆடுற? போன கிழமை நடுவர்ட மேசையிலயே போய் விழுந்தன். சைபர் போட்டாங்க. சனம் விடுறாங்க இல்லயே!” கொழும்பிலிருந்து பிரதீஸ் அழாக்குறையாகச் சொன்னான்.

வானொலியில் கோமாளித்தனம் பண்ணிப் பேர் வாங்கியவன் அவன். பிரபலங்கள் ஆடும் தொலைக்காட்சி நடனப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். முதல் வாரமே துரத்திவிடுவார்கள் என்று நம்பித்தான் கல்யாணத்துக்கு நாள் வைத்தார்கள். வாராவாரம் சனத்தின் வாக்கில் அவன் தப்பிக்க, வாராவாரம் கல்யாணம் தள்ளிப்போனது. பெண் ராசியில்லாதவள் என்று மாப்பிள்ளையின் தாய் முணுமுணுக்கவே தொடங்கிவிட்டாள்.

கம்சாயினியின் அப்பா வினாயகமூர்த்திக்குச் செங்கலடிச் சந்தையில் மரக்கறிக் கடை. கத்தரிக்காய்க்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் பேரம் பேசி வைத்திருந்தார்: மருமகனுக்கு வாக்குப் போடாமல் இருந்தால் கறிவேப்பிலை இனாம். அம்மா வதனியோ, அவன் தோற்கவேண்டும் என்று சொல்லி அன்று காலைதான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருந்தாள்.

இரவு தொலைக்காட்சியில் பிரதீஸ் ஆடினான். தலைப்பாகை ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. கூட ஆடியவளைத் தூக்கப் போனான். கடைசியில் அவள்தான் இவனைத் தூக்கிக்கொண்டு போனாள். நடுவர் பேனையை மூடி வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“முடிஞ்சுது! இந்தச் சாமான் இனி விலைப்படாது!” அப்பா தொடையில் தட்டினார்.

அறிவிப்பாளப் பெண் இழுத்து இழுத்துச் சொன்னாள்: “வெளிநாட்டு இரசிகர்களின் வாக்குகளால் இந்த வாரமும் காப்பாற்றப்படுபவர்... பிரதீஸ்!”



“எந்த வெளிநாட்டான்டா என்ட குடியைக் கெடுக்கிறவன்?” அப்பா ரிமோட்டைத் தூக்கி எறிந்தார்.

அம்மாவிடம் சொல்லி அழக் குசினிக்கு ஓடிய கம்சாயினி, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். “பெரிய உபகாரம் கைறுன்னிஸா. அங்க குவைத்தில இரிக்கிற நம்மட பொண்டுகள் எல்லாரும் போட்டிருக்காங்க போல. வாற கிழமையும் மறக்காமப் போடச் சொல்லு, என்ன?”

“அம்மா! நீங்களா?”

வதனி திரும்பினாள். போனை மறைக்கக்கூட இல்லை. பக்கத்துச் சுவரை மெல்லத் தடவினாள்.

“உனக்குத் தாலி ஏறின அண்டைக்கு இந்த வீடு உனக்குச் சீதனம், மகள். நானும் அப்பாவும் பின்வளவுக் கொட்டிலுக்குப் போகணும். அதுதான் நம்மட முறை. நான் மாட்டன் எண்டு சொல்லல்ல. ஆனா, குவைத்தில ஆராரோட வீட்டையெல்லாம் கூட்டித் துடைச்சுக் கட்டின வீடு இது. உன்ட கல்யாணத்துக்கெண்டு வந்துதான் முதல்முதல் இதுக்குள்ள படுத்தன். இன்னும் ஒரு கிழமை நான் வீட்டுக்காரியா இருந்துட்டுப் போறனே, புள்ள!”