மெட்ராஸில் நான் தங்கிய லாட்ஜ்

"மாதப்பண்ணே, மெட்ராஸ்ல எந்த லாட்ஜ்ல தங்கலாம்? நீங்கதான் சொல்லணும்."

சலாவுதீன் பாய் என் சைக்கிள் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, நான் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன். கொப்புளம் டியூபில் வரவில்லை. கேள்வி காதில் விழாத மாதிரி இன்னும் ஆழமாக அமுக்கினேன்.

எழுபத்தொண்ணாம் வருஷம், மே மாசம். கடத்தூரில் புளி சீசன் முடிந்து பாயின் மண்டி ஓய்ந்திருந்தது. என் சம்சாரம் காவேரி அந்த மண்டிக்குத்தான் புளி தட்டப் போவாள்.

"என்ன பாய், திடீர்னு மெட்ராஸ்?"

"வூட்ல ஷரீபுன்னிசா எங்கியாவது கூட்டிட்டுப் போன்னு பிடுங்கறா. நாலு நாளு. நீங்களும் உங்க வூட்டம்மாவும் கூட வாங்க. எனக்குப் புளி தெரியும், மெட்ராஸ் தெரியாது. நீங்க வழி காட்டினாப் போதும்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெட்ராஸைப் பார்த்ததே இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் 'மெட்ராஸ் போறேன்' என்று கிளம்பியவன், ஜோலார்பேட்டையில் இறங்கிவிட்டேன். ஸ்டேஷன் கேண்டீனில் ஒன்றரை வருஷம் தட்டுக் கழுவினேன். மெட்ராஸ் போகிறவர்களும் வருகிறவர்களும் இட்லியைப் பிய்த்துக்கொண்டே பேசியதைக் கேட்டுக் கேட்டு, மனசுக்குள் ஒரு மெட்ராஸைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். காவேரியைப் பெண் பார்க்கப் போனதே 'மெட்ராஸ் ரிட்டன்' என்றுதான்.

அப்புறம் கட்டடம் வளர்ந்துவிட்டது. லிப்டில் ஏறினால் ஆள் அஞ்சாவது மாடியில் நிற்பான், வயிறு அரைமணி கழித்துப் படியேறி வரும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் கேட்டவர்கள் யாரும் மறுத்ததில்லை. மறுப்பதற்கு யாராவது போயிருந்தால்தானே.

பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "லாரி டிரைவர் மூணு லாட்ஜு எழுதிக் குடுத்தான். எழும்பூர்ல ஒண்ணு."

"அது வேண்டாம் பாய். மூட்டைப்பூச்சி. ஒருக்கா படுத்தேன். முழிச்சுப் பாத்தா, மெத்தையோட தூக்கிட்டுப் போயி வராந்தாவுல வெச்சிருக்குதுங்க."

"சென்ட்ரலுக்கு எதுத்தாப்ல ஒண்ணு."

"ரயில் சத்தம். கனவுலயே கல்கத்தா போயிருவீங்க. எனக்கு டிக்கெட் இல்லைன்னு கனவுல ஃபைன் போட்டுட்டாங்க."

"திருவல்லிக்கேணில ஒண்ணு."

அதற்கு என்ன குற்றம் சொல்லலாம் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, மதியச் சோறு கொண்டுவந்த காவேரி தூக்குப்போசியை வைத்துவிட்டு முந்திக்கொண்டாள்.

"அதுதாங்க பாய், இவரு தங்கினது. அந்த மேனேஜருக்கு இவருன்னா உசுராம். எத்தினி வருசமானாலும் மறக்க மாட்டாராம். நீங்கதான மாமா சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். எந்த லாட்ஜ் என்று சொன்னேனா என்பதுதான் ஞாபகமில்லை.

"அப்ப அதுலயே போட்டுருவோம்," என்று பாய் எழுந்துவிட்டார்.

கிளம்பும் நாள் வரைக்கும் வயிற்றுவலி, சுளுக்கு, கடையில் வேலை என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். வயிற்றுவலிக்குச் சீரகத் தண்ணி வந்தது. சுளுக்கைக் காவேரியே நீவிவிட்டாள். கடைக்குப் புதுசாக ஒரு பூட்டும் வாங்கிவந்தாள்.

பத்து வருஷமாகத் தங்கச்சிகளிடம், 'எங்கூட்டுக்காரரு மெட்ராஸை உள்ளங்கையில வெச்சிருக்காரு' என்று பீற்றிக்கொள்கிறவள். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இவள் கண்ணெதிரே சாயம் வெளுத்துவிடுமே என்பதுதான் எனக்குக் கவலை.

மொரப்பூரில் ரயிலேறி, காலையில் சென்ட்ரலில் இறங்கினோம். வெளியே வந்ததும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"இப்பிடித்தான போவணும், அண்ணே?" என்று பாய் ஒரு பக்கமாக நடந்தார்.

"அதேதான்," என்றேன்.

திருப்பத்துக்குத் திருப்பம் அவர் கேட்பார். நான் "அதேதான்" என்பேன். இப்படியே ஒரு பஸ்ஸில் ஏறி, இறங்கி, லாட்ஜ் வாசலுக்கும் வந்தாயிற்று.

உள்ளே சந்தனப் பொட்டு வைத்த மேனேஜர் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். காவேரி என் பக்கத்தில் வந்து நின்றாள். மேனேஜர் நிமிர்ந்தார். நான் பாயின் முதுகுக்குப் பின்னால் நகரப் பார்த்தேன்.

"அடடே, மாதப்பன் சாரா? வாங்க, வாங்க. எத்தனை வருஷமாச்சு. நம்மளை அடியோட மறந்துட்டீங்களே."

பொய்யிலேயே பழுத்தவன் நான். எனக்கே இது புதுசாயிருந்தது.

"உங்களுக்குன்னு தெருவைப் பாத்த ரூமா எடுத்து வெச்சிருக்கேன் சார்," என்று சாவியை நீட்டினார்.

காவேரி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். அப்படி ஒரு பெருமை. ஐம்பது வருஷம் ஓடிவிட்டது, இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பெண்கள் இரண்டு பேரும் மாடி ஏறியதும், பாயைத் தூணோரம் இழுத்துக்கொண்டு போனேன்.

"பாய், நெசத்தைச் சொல்லுங்க. நீங்க இங்க முன்னாடியே வந்திருக்கீங்க."

"புளி லோடு வர்றப்பல்லாம் இங்கதான் தங்கறது. பதினஞ்சு வருசமா."

"அப்ப, நான் விட்டதையெல்லாம் கேட்டுக்கிட்டு..."

"மூட்டைப்பூச்சி நல்லாருந்துது, அண்ணே."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எம் பொண்டாட்டி முன்னால எம் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. மேனேஜர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வெக்கற யோசனை உங்களுக்கு எப்பிடி வந்துது?"

பாய் மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கெங்க வந்துது? மேனேஜருக்குக் கடுதாசி போடச் சொன்னதே காவேரித் தங்கச்சிதான். 'அவரு மெட்ராஸ் பாத்ததே இல்லைங்க பாய். கடல் எந்தப் பக்கம்னு கேட்டா, தடவைக்கு ஒரு பக்கம் கையை நீட்டறாரு. தெரிஞ்ச மனுசனாட்டமே வந்து, தலை குனியாம பாத்துட்டுப் போவட்டும்'னு சொல்லுச்சு."