செபஸ்தியானுக்குப் பின்னால்

"ஏங்க, நாற்பது வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பயில்வான் வேஷம்?"

ரோசம்மாள் கேட்டது அருள்நாதனின் காதில் விழுந்தது. ஆனால் வாய் நிறைய ஊறவைத்த கொண்டைக்கடலை.

அருள்நாதன் பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. ஆள் நெட்டை, ஒல்லி. பேனாவைவிடக் கனமாக எதையும் தூக்கி அறியாதவர், கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து விடியற்காலையில் பாலக்கரை தேகப்பயிற்சி சாலைக்குப் போய் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த நயா பைசாவுக்கு அடுத்தபடியாக அந்த வருஷம் தெரு சிரித்துப் பேசியது அதைத்தான்.

சிரிப்பை ரோசம்மாள் பொறுத்துக்கொண்டாள். பயிற்சி சாலை நடத்தும் பிச்சமுத்து வீடு தேடி வந்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. கனம் தூக்கினாத்தான் சதை ஏறும், அது நெசம். ஆனா ஒரு நாள் தூக்கினா மறுநாள் உடம்பு ஓயணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெயிட்டை ஏத்தணும். சார் கேக்கவே மாட்டேங்கறாரு. சின்ன வெயிட்டா வெச்சு உடம்பை அழகாக்கித் தரேன்னா, அழகு யாருக்கு வேணும், அந்தோணியார் திருநாளுக்குள்ள தோள் பாரம் தாங்கணும்ங்கறாரு. நரம்பு கிரம்பு பிசகிட்டா நான் பொறுப்பில்ல."

திருநாள் என்றதும் ரோசம்மாளுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் பயம் இரண்டு மடங்கானது.

தெருக்கோடி அந்தோணியார் கோயிலில் சப்பரம் தோளில்தான் போகும். நீளத் தண்டில் யார் எங்கே தோள் கொடுப்பது என்பது குடும்பவாரியாக வருகிற உரிமை. நடுவழியில் ஒருவர் தோளை எடுத்துவிட்டால் பின்னால் நிற்பவர் ஓரடி முன்னால் வருவார். அதோடு அந்த இடம் அவருடையது. வாரிசு இல்லாமல் காலியாகக் கிடந்து, இந்த வருஷம் அருள்நாதன் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கிய இடம், பக்கத்து வீட்டு செபஸ்தியானுக்கு நேர் பின்னால்.

செபஸ்தியான் சயரோகம் வந்து, செங்கிப்பட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, கிறிஸ்துமஸுக்குத்தான் வீடு திரும்பியிருந்தார். குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். தெரு நம்பவில்லை.

அன்று சாயங்காலமே செபஸ்தியானின் மனைவி அற்புதம்மாள் வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க வீட்டுல யாரும் தண்ணிகூட வாங்கிக் குடிக்கறதில்ல, ரோசம்மா. பொண்ணுக்கு வர்ற வரனெல்லாம் வாசலோட போயிடுது. இவரு இந்த வருஷம் சப்பரத்தைச் சுத்திக் கொண்டாந்து எறக்கிட்டாருன்னா ஊரு வாயை மூடிக்கும். அதுக்குத்தான் உயிரைக் கையில புடிச்சிக்கிட்டு இருக்கேன். உன் வீட்டுக்காரரு என்னடான்னா, இவரு எப்பத் தடுமாறுவாருன்னு பின்னாடி நிக்கப் போறாராமே?"

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா..."

"பின்ன எதுக்கு உடம்பை ஏத்துறாரு?"

ரோசம்மாள் அன்று ராத்திரியே புருஷனுக்குச் சோறு போடும்போது கெஞ்சிப் பார்த்தாள்.

"அந்த இடம் நமக்கு வேணாங்க. பாவம் அவங்க."

"வேணும்."

"அக்கா மொகத்துல நான் எப்படிங்க முழிக்கறது?"

"உங்கிட்ட ஒண்ணு சொன்னா காலையில அது குழாயடிக்குப் போயிடும். சோத்தைப் போடு."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு இவ்வளவு கெட்ட மனசா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

திருநாள் மாலை பாண்டு வாத்தியத்தோடு சப்பரம் எழும்பியது. ரோசம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பக்கத்தில் நடந்த அற்புதம்மாள் ஜெபமாலையை உருட்டினாளே தவிர இவள் பக்கம் திரும்பவில்லை.

ஒவ்வொரு தெருவாகக் கடந்தது. கோயில் கண்ணுக்குத் தெரிகிற கடைசித் திருப்பத்தில் செபஸ்தியானின் கால் பின்னியது.

"ஐயோ, மாதாவே!" என்றாள் அற்புதம்மாள்.

கூட்டம் அருள்நாதனைத்தான் பார்த்தது. இரண்டு கையும் தண்டுக்கு அடியில். கழுத்து நரம்பு புடைத்து, முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. ஓரடி எடுத்து வைத்தால் போதும், இடம் அவருக்கு.

"வேணாங்க!" ரோசம்மாள் கத்தியேவிட்டாள்.

அருள்நாதன் அசையவில்லை. செபஸ்தியான் சமாளித்து நின்றார். சப்பரம் மறுபடி நகர்ந்தது.

அப்போது செபஸ்தியானின் தோளில் தண்டுக்கு அடியில் போட்டிருந்த துண்டு நழுவித் தொங்கியது. தோல் உரிந்துவிடுமே என்று அற்புதம்மாள் ஓடினாள். ரோசம்மாளும் ஓடினாள். இத்தனை பாரத்துக்கு அடியில் துண்டை எப்படித் திணிப்பது என்ற பதற்றத்தில் அற்புதம்மாள் விரலை நுழைத்துப் பார்த்தாள்.

விரல் போயிற்று. உள்ளங்கையும் போயிற்று. செபஸ்தியானின் தோளைத் தண்டு தொடவே இல்லை.

அற்புதம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அருள்நாதன் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணாலேயே 'போ போ' என்றார்.

அவள் துண்டை நாலாக மடித்தாள். கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல், ஊர் பார்ப்பதற்குள் அந்த இடைவெளியை இறுக்கி அடைத்தாள்.